கோமதித் தாய் கொடுத்த மூச்சு

எனக்குச் சர்க்கரை உண்டு, வாய்க்கட்டுப்பாடு கிடையாது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். போன வருஷம் ஆனி மாதம் தறி ஷெட்டில் வலது உள்ளங்காலில் ஆணி ஏறியது. சர்க்கரையால் மரத்துப்போன கால், வலிக்கவே இல்லை. வீட்டில் கால் கழுவும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தேன்.

கோமதி அம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். "நெத்தியில வச்சா பத்தாதா? பச்சப் புண்ணுல எதுக்கு வைக்கிய?" என்று என் மனைவி கத்தினாள். உனக்குப் பக்தி பத்தாது என்று அவள் வாயை அடைத்தேன். இருபது நாளில் கால் கறுத்தது. திருநெல்வேலி டாக்டர் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நின்று வேலை பார்க்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? அழுதுவிட்டேன். கோமதி அம்மா மேல் கோபமும் வந்தது.

அழுகிய சதையை வெட்டி நீக்கிவிட்டு, கடைசி முயற்சியாக ஆக்சிஜன் சிகிச்சை என்றார்கள். காற்றழுத்தம் கூட்டி ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை மணி நேரம் அடைந்து கிடக்க வேண்டும். முப்பது தடவை. முதல் நாள் பத்தே நிமிடத்தில் கண்ணாடியைத் தட்டி, அலறி, திறக்க வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்டேன். "தாயே, கால் அப்புறம். அதுக்குள்ள இருக்கத் தைரியம் குடு." கேட்டு முடிக்கையில், எப்போதோ கற்று விட்டுவிட்ட மூச்சுப் பயிற்சி ஞாபகம் வந்தது. இனி திறக்கச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் உள்ளே மூச்சை இழுத்து அடக்கினேன். ஸ்பீக்கரில் நர்ஸ் சத்தம் போட்டாள்: "அண்ணாச்சி, உள்ள மூச்ச அடக்கக் கூடாது, நுரையீரலுக்கு ஆபத்து! மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க." அவள் மேலநீலிதநல்லூர்க் கிறிஸ்தவப் பெண். நான் "தாயே" என்று முனகியது அவளுக்குக் கேட்டிருக்கும். "நீங்க உங்க அம்மாகிட்ட கேளுங்க, நான் எங்க ஆண்டவர்கிட்ட கேக்கேன்" என்றாள்.

இழுக்கும்போது கோமதி, விடும்போது தாயே. ஒரு நாள் தவறவில்லை. இருபது தடவை தாண்டியதும் புண்ணில் சிவப்பாகச் சதை எழும்பியது. "புண்ணை ஆற்றியது ஆக்சிஜனும் மருந்தும். மூச்சு உங்களை உள்ளே இருக்க வைத்தது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அவ்வளவுதானே நான் கேட்டது!

கால் சுண்டுவிரல் மட்டும் போனது. கால் நிற்கிறது, தறியும் ஓடுகிறது. இனிப்பை விட்டேன். மனைவியிடம் மன்னிப்பும் கேட்டேன், அதுதான் கஷ்டமாக இருந்தது.

புண்ணோடு இதைப் படிக்கிறவர்களே, அம்மாவிடம் கேளுங்கள். கேட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் கோயிலிலேயே நின்றுவிடுவாள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் முப்பது தடவையும் என்னோடு இருந்தாள்.