மங்கோலிய அக்காவின் லேபிள்

அந்தச் சுவரில் மங்கோலியாவின் வரைபடம் தலைகீழாகத் தொங்கியது. எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. கலிஃபோர்னியாவில் ஹேவர்டு என்ற ஊரில் ஒரு சின்னக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. அவசரத்தில் யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. முதலாளியம்மா வெளியே போன நேரம் பார்த்து நாற்காலியில் ஏறி அதை நேராக்கி வைத்தேன். திரும்பி வந்தவர் பார்த்துச் சிரித்தார், மறுபடியும் கவிழ்த்து மாட்டினார். அவர் ஊரான மங்கோலியாவில் கூடாரத்து வாசல் தெற்குப் பார்த்துத்தான் இருக்குமாம். வாசலைப் பார்த்து நின்றால் முன்னால் தெற்கு, இடது கைப்பக்கம் கிழக்கு. "வாசல் இருக்கிற பக்கம்தானே மேலே வரணும்?" என்றார்.

கிரீன் கார்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. மங்கோலியாவிலிருந்து வரும் வெள்ளாட்டு முடிச் சால்வைகளைப் பிரித்து, பிசிறு பார்த்து, லேபிள் தைத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கிலும் தையலிலும் இருந்தவள் என்பதால் வேலை கஷ்டமாக இல்லை. முதலாளியம்மா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒருநாள் வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அர்த்தம் கேட்டுக்கொண்டார், அதன் பிறகு மேடம் என்றால் திரும்பவே மாட்டார். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். அதனால் பேச்சு ஓடியது.

அக்காவின் சொந்த ஊர் கோபி பாலைவனத்து ஓரம். இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "நம்ம கோபிச்செட்டிபாளையமா? அப்ப சொந்தக்காரங்கதான் அம்மிணி, விசாரிச்சுப் பாரு" என்றார். நான் அக்காவிடம் விசாரிக்கவில்லை. ஆனால் மடித்து அடுக்கும் நேரங்களில் அவர் சொல்லக் கேட்டது நிறைய. வடக்கே காடும் ஏரியும், மேற்கே பனி மலை, நடுவில் புல்வெளி, தெற்கே கல்லும் மண்ணுமான கோபி. குளிர் கடுமையானால் ஆடுகள் நின்ற இடத்திலேயே செத்துப்போகும். அந்தக் குளிருக்காகத்தான் வெள்ளாட்டுக்கு உள்முடி அவ்வளவு மெல்லியதாக வளர்கிறது. வசந்தம் வந்ததும் அதைச் சீவி எடுக்கிறார்கள்.

பள்ளியில் செங்கிஸ்கான் என்றால் ஊர்களைக் கொளுத்தியவர் என்று ஒரு பக்கம் படித்திருந்தேன். அக்கா சொன்னது வேறு பக்கம். கான்கள் காலத்தில் வழி நெடுக மாற்றுக் குதிரைகளோடு தங்குமிடங்கள் இருந்தன. கானின் உலோக வில்லை கையில் இருந்தால் சீனாவிலிருந்து பாரசீகம் வரை குதிரையும் சோறும் கிடைக்கும். தலைநகரில் மசூதியும் தேவாலயமும் புத்தர் கோயில்களும் அக்கம்பக்கமாக இருந்தன, அத்தனை ஊர் வியாபாரிகளும் வந்து தங்கியதால். பிற்காலத்தில் ஒட்டக வரிசைகள் தெற்கேயிருந்து கட்டித் தேயிலையைக் கொண்டுவந்து, கம்பளியும் தோலும் ஏற்றிப் போயின. இதையெல்லாம் பெருமையடித்துச் சொல்ல மாட்டார், அடுத்த வீட்டுக் கதை போலத்தான் சொல்வார். "இப்ப எங்களுக்குக் கடல் கிடையாது. கதவு ரெண்டு. ஒண்ணு ரஷ்யாகிட்ட, ஒண்ணு சீனாகிட்ட. சாவி எங்ககிட்ட இல்லை."

அவர் சரக்கு தெற்குக் கதவு வழியாகத்தான் வரும். எல்லையில் தண்டவாள அகலம் மாறுகிறது. சரக்கு இருக்கிற கன்டெய்னர் பெட்டகத்தைக் கிரேனில் தூக்கிச் சீன ரயிலில் வைக்க வேண்டும். அங்கிருந்து சீனத் துறைமுகம், அப்புறம் கப்பல், எங்கள் பக்கத்து ஓக்லண்டு துறைமுகம். கொரோனா முடிந்தும் முடியாமல் இருந்த வருடம் அந்த எல்லையில் அவர் பெட்டகம் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்காக ஒரு பெரிய கடைக்காரர் மொத்தமாகக் கேட்டிருந்த சரக்கு. அதை நம்பித்தான் கிடங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து அக்காவின் தம்பி தினமும் போனில் கூப்பிடுவார். பேசி முடித்து அக்கா வரைபடத்தின் மேல் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நவம்பர் தொடக்கத்தில் அந்தக் கடைக்காரருக்காக அக்கா லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பெட்டிகள் வரவழைத்தார். அதே நிறம், அதே அளவு. சீனாவில் நூற்று நெய்த சால்வைகள். அக்கா லேபிள் சுருளைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார். மங்கோலியாவில் செய்தது என்று அதில் இரண்டு மொழியில் இருக்கும்.

"ஆடு எங்க ஆடுதான்" என்றார். "எங்க முடியில பாதிக்கு மேல நூற்காமலே அங்க போயிடுது. இதுவும் எங்க ஊர் முடியா இருக்கலாம்."

நான் ஊசியில் நூல் கோத்தேன். லேபிள் என்பது எனக்குத் துணித்துண்டு. திருப்பூரில் நாங்கள் கண்ணால் பார்க்காத எத்தனையோ ஊர்க் கடைகளின் பெயரைக் கழுத்தில் வைத்துத் தைத்திருக்கிறோம்.

"உங்க ஊர் பனியன்ல உங்க ஊர் பேர் இருக்குமா?" என்று கேட்டார்.

"திருப்பூர்னு இருக்காதுக்கா. இடுப்புப் பக்கம் உள்ளே துவைக்கிற குறிப்பு இருக்கும்ல, அதுல சின்னதா இந்தியான்னு இருக்கும்."

"அதாவது இருக்கே!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க முடி மூட்டையில போச்சுன்னா அது கூட இல்லை. அதுக்காகத்தானே இந்தக் கடையே போட்டேன்."

லேபிள் சுருளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊசியிலிருந்த நூலை நான் உருவினேன். கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, சரக்கு வராது என்று அக்கா என் எதிரிலேயே சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. அக்கா தேங்க்யூ என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பெட்டிகள் வந்த வழியே திரும்பிப் போயின.

பெட்டகம் பிப்ரவரியில் வந்தது. கேட்க ஆளில்லை. அத்தனை சால்வைக்கும் நான் லேபிள் தைத்தேன். விற்காத சரக்குக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அக்காவை நான் கேட்கவில்லை. கோடைக்கு முன் கிடங்கை ஒப்படைத்தார். இப்போது டெக்சாஸில் தங்கை வீட்டோடு இருக்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறேன், அங்கே யாரும் கதை சொல்வதில்லை. எப்போதாவது போனில் பேசிக்கொள்வோம்.

கிடங்கை மூடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் மேசை போட்டு விற்றுப் பார்த்தோம். ஒரு நாள் நம்மூர் அம்மா ஒருவர் வந்தார். ஒரு சால்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், விலையைக் குறைக்கச் சொன்னார், லேபிளைத் திருப்பிப் படித்தார். பக்கத்திலிருந்தவரிடம் தமிழில், "மங்கோலியான்னா சைனாதானே?" என்றார். அக்கா குனிந்து பெட்டியில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. தனி நாடுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோபி, புல்வெளி, குதிரைத் தங்குமிடம், கடல் இல்லாதது, சாவி இல்லாத இரண்டு கதவு என்று எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னேன். அந்த அம்மா சால்வையை மெதுவாக மடித்து மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அக்கா நிமிர்ந்தார். "வாங்குற மாதிரி இருந்தாங்களே, அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"நீங்க எந்த ஊருன்னு சொன்னேன்க்கா."

"அதுக்கா ஓடிட்டாங்க?" என்றார். "அடுத்த ஆள் வந்தா சுருக்கமா சொல்லு."