தலை பிடிக்க ஆள் இல்லை

வெட்டுவதற்கு உடம்பில் முடியே இல்லாத நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில், நாய்க்கு முடி வெட்டும் கடை போட்டவள் நான். என்னைப் போலக் கடி வாங்கிச் சோறு தின்கிறவர்களுக்கு, இந்தத் தொழிலில் ஒற்றை ஆளாக நிற்பது என்ன பாடு என்று தெரியும். ஒருவர் வெட்டினால் இன்னொருவர் நாயின் தாடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘தலை பிடிப்பது’ என்போம். எனக்குத் தலை பிடிக்க யாரும் வரவில்லை. பயிற்சியிலேயே வலது மணிக்கட்டில் ஏழு தையல். கடை திறந்த அன்றே என் போலீஸ்கார வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தையல் விழுந்துச்சு, ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு மறுபடி மில்லு வேலைக்கே போயிரணும்.”

காது

முதலில் வந்தது ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய். முடிதான் இல்லையே, நகம் வெட்ட வந்திருந்தது. கூட்டி வந்தவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேசையில் ஏற்றியதும் பயந்தது நான்தான். பயத்தை மறைக்க வாய் ஓயாமல் நாயைக் கொஞ்சினேன். அது என்னைச் சட்டை செய்யவே இல்லை. தலைமாட்டில் இருந்த வெறும் சுவரைப் பார்த்து, யாரோ கூப்பிட்டது போலக் காதை நிமிர்த்தி வாலை ஆட்டியது. கடைசி நகம்வரை அசையாமல் நின்றது.

“நமக்குக் கேக்காததெல்லாம் கேக்குதே, நல்ல காது அய்யா” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஏம்மா, பொறந்ததுல இருந்தே இது செவிட்டு நாயாச்சே.”

ஈரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் சந்நிதித் தெருவில் இருந்து ஒரு மாமி தன் பொமரேனியனைக் கொண்டுவந்தார். குளிப்பாட்டி, ஒரு கையில் ட்ரையரும் மறு கையில் சீப்புமாக முக்கால் மணி நேரம் காயவைத்தேன். துள்ளுகிற ஜாதி, ஆனால் தாடையைத் தூக்கிக்கொண்டு சமர்த்தாக நின்றது. மாமி வாங்கி அதன் தாடையைத் தடவினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். முடி அங்கே நான்கு கோடாகப் படிந்து கிடந்தது. தொட்டேன். ஜில்லென்றிருந்தது. மாமி சொன்னார்: “எல்லாம் பஞ்சாட்டம் காஞ்சிருக்கு, யாரோ ஈரக் கையோட பிடிச்ச இடம் மட்டும் காயலையேம்மா.”

பிடி

அன்றைக்கே மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிட்டேன். தொலைந்தது தொல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் கான்சாபுரத்து விவசாயி ஒருவர், தென்னந்தோப்பில் காவலுக்கு நிற்கும் கோம்பை நாயை உண்ணி எடுக்கக் கொண்டுவந்தார். வாய்க்கு மூடி போட்டுத்தான் ஏற்றினேன். பாதி வேலையில் மூடியின் வார் நழுவியது. பழைய தையலின் மேல் அதன் பல் பட்டது. போச்சு, நாளைக்கு மில்லுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், நாயின் தாடை மேலே தூக்கிக் கிடக்கிறது, உறுமல் தொண்டைக்குள்ளேயே நிற்கிறது. கையை உருவிக்கொண்டேன். ஒரு கீறல்கூட இல்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயி உள்ளே ஓடிவந்தார். என்னைத் தாண்டிப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார். “நல்லவேளை, அந்தப் பொம்பளையாளு கெட்டியாப் பிடிச்சாக. அதுக்குள்ள அவிய எங்க போயிட்டாக?”

எட்டாவது தையல் இன்றுவரை விழவில்லை, கடையும் ஓடுகிறது, தலை பிடிக்க ஆளே இல்லை என்றுதான் நானும் எல்லோரிடமும் சொல்கிறேன், நாய்கள்தான் நம்புவதில்லை.