வெயிலில் வைத்த தண்ணீர்

என் மனைவி நெருப்புக் காய்ச்சலோடு, அதுதான் டைபொயிட், கிடந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அதே வாரம்தான் கொழும்பு வெள்ளவத்தை முழுக்கச் சமையல் காஸ் இல்லாமல் போனது. கொதித்தாறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வாயில் படக்கூடாது, மறுபடி வந்தால் உடம்பு தாங்காது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதை வைத்துக் கொதிக்கவைப்பது? இருந்த மின்சாரக் கேத்தலும் கரண்ட் போய்ப்போய் வந்ததில் எரிந்துவிட்டது. எங்கள் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டால் ஆளுக்காள் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நாட்களில் எனக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல்.

கிளினிக்கில் ஒரு தாதிதான் வழி சொன்னார். நிறமில்லாத பிளாஸ்டிக் போத்தலில் கலங்கலில்லாத தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, நேர்வெயிலில் ஆறு மணித்தியாலம் படுக்கவைத்தால் கிருமி செத்துவிடுமாம். வானம் மப்பும் மந்தாரமும் என்றால் இரண்டு நாள். சூடு அல்ல, வெயிலின் கதிர்தான் கொல்லுகிறது என்றார். வேறு வழி இல்லாததால் நம்பினேன்.

ஆறு சோடாப் போத்தல்களைத் தேடிப்பிடித்தேன். லேபிளைக் கிழித்தாலும் பசை போவேனா என்றது, கத்தியால் சுரண்டினேன். குழாயில் வந்த தொட்டித் தண்ணீரை நிரப்பி, லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்து மாடி சுமந்து ஏறி, மொட்டைமாடியில் ஒரு தகரத்தைப் போட்டு அதன்மேல் அடுக்கினேன். காலை ஏழரைக்கு வைத்துவிட்டு ஒருகொடவத்தைக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போனால், ஐந்து மணிக்கு வந்து எடுப்பேன்.

இரண்டாம் நாளே யாரோ என் போத்தல்களுக்கு மேலாகப் படுக்கை விரிப்பைக் காயப்போட்டிருந்தார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. கொடியை அறுத்தெறிந்து, படிக்கட்டில் நின்று ஐந்து மாடிக்கும் கேட்கக் கத்தினேன். அது போதாதென்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ‘போத்தல்களைத் தொடாதீர்கள்’ என்று எழுதி மொட்டைமாடிக் கதவில் ஒட்டினேன். ஏதோ அரசாங்கச் சுற்றறிக்கை வெளியிட்டவன்போல எனக்கு ஒரு திருப்தி வேறு.

அதற்குப்பின் ஒருவரும் கிட்ட வரவில்லை. மாலையில் போத்தல்கள் வைத்தபடியே கிடந்தன. மனைவியும் மறுபேச்சில்லாமல் குடித்தாள்.

ஒரு நாள் டீசல் இல்லாமல் லொறிகள் வரவில்லை என்று களஞ்சியத்தை இடையில் மூடிவிட்டார்கள். மத்தியானமே வந்து நேரே மேலே ஏறினேன். தகரம் வெறுமையாகக் கிடந்தது. ஆறு போத்தல்களும் தொட்டிக்குப் பின்னால், நல்ல நிழலில், ஈரத்துவாய் போர்த்தி நின்றன. பக்கத்தில் மூன்றாம் மாடி அன்ரி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார்.

“ஆர் இதை இஞ்ச வைச்சது?”

“நான்தான் தம்பி. வெயில்ல கிடந்தா பிளாஸ்டிக் நஞ்சு தண்ணியில இறங்குமாம், வட்ஸ்அப்பில வந்தது. உங்கட மனிசி, வருத்தக்காரப் பிள்ளை, குடிக்கிற தண்ணியெல்லோ?”

“எத்தினை நாளா?”

“ஒரு கிழமை, ஏழெட்டு நாள் இருக்கும். நீங்கள் போன கையோட எடுத்து நிழல்ல வைப்பன். நாலு மணிக்குத் திருப்பி அடுக்கிப்போடுவன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அன்ரி!”

அவர் கையிலிருந்த சட்டையை இன்னொருதரம் மடித்தார். “அண்டைக்கு நீங்கள் கத்தினதுக்குப் பிறகு ஆர் தம்பி உங்களிட்டக் கதைக்க வருவினம்?”

திட்டு வாய் வரைக்கும் வந்தது. அந்த முகத்தில் ஒரு துளி கள்ளமில்லை. நான் படியிறங்கினேன். வெயிலே படாத தொட்டித் தண்ணீரை ஒரு கிழமையாக என் கையாலேயே அவளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

மனைவி ஜன்னலோரம் தம்ளரோடு இருந்தாள்.

“அதைக் குடியாதையும்,” என்று தம்ளரை வாங்கி, நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்ரிமீது கோபப்படவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

“மூண்டு நாளாப் பின்னேரத்தில திரும்பவும் காய்ச்சல் காயுது,” என்றாள். “சொன்னாக் கத்துவீங்கள் எண்டு சொல்லேல்லை.”