சைதாப்பேட்டையில் சொன்ன பொய்

லூர்துவின் காலைக் கெடுத்தவன் நான்தான்! விதி அல்ல... நான்.

எலும்பு முறிந்ததை மட்டும் சொல்லவில்லை. ஆட்டத்தில் நேர்ந்தது என்று அதை நீங்கள் மன்னித்துவிடக்கூடும். அதற்குப் பின் செய்ததைக் கேளுங்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மந்தைவெளி மைதானத்தில் கால்பந்து ஆடும் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எதிரே ஆடுபவன் வெறுங்காலோடு இருந்தால், பூட்ஸ் வைத்திருப்பவனும் கழற்றிவிட்டே இறங்க வேண்டும். மீறினால் குழுவில் இடமில்லை. அன்று என் காலில் புது பூட்ஸ். வெறுங்காலோடு நின்ற லூர்துவைத் தவிர ஒருவரும் வரவில்லை. அவன் காட்டிக்கொடுக்க மாட்டான், வேறு யார் பார்க்கப் போகிறார்கள் என்று இறங்கினேன்.

பந்துக்கு ஓங்கிய கால் அவன் கணுக்காலுக்கு மேலே விழுந்தது. முறிந்த எலும்பு தோலைக் குத்திவிட்டு உள்ளே போயிற்று. மிளகளவு துளைதான்!

பெரியாஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்களே... பூட்ஸைப் பையில் திணித்தேன். ரத்தத்தைச் சட்டையால் துடைத்தேன். ரிக்‌ஷாவில் சைதாப்பேட்டைக்கு, எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் கொண்டுபோனேன். வலியில் லூர்து மயங்கிக் கிடந்தான்.

"ரத்தம் வந்துச்சா நைனா? தோலு கிழிஞ்சிருந்தா நான் கட்ட மாட்டேன். உள்ள சீழ் பிடிச்சிக்கும். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போய்டு."

"இல்லீங்க. இந்தப் பொத்தல் நேத்து முள்ளு குத்துனது."

எவ்வளவு சுலபமாக வந்தது வாயில்! உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏன் நின்றேன்? குழுவில் ஓர் இடத்துக்காகவா? வெட்கமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஜுரம், நாற்றம்... ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். "அன்னிக்கே வந்து புண்ணைக் கழுவிச் சுத்தம் பண்ணியிருந்தா சீழ் எலும்புக்குள்ள இறங்கியிருக்காது" என்றார் டாக்டர்.

மூன்று வருஷமாகச் சீழ் வடிகிறது. ஆறியதுபோல் மூடும், மறுபடி திறக்கும். புதிதாக வந்திருக்கும் பெனிசிலின் ஊசியும் போட்டாயிற்று. போன வாரம் ஓர் எலும்புத் துணுக்கு வெளியே வந்தது. "நீ இல்லேன்னா அன்னிக்கி செத்தே போயிருப்பேன் மச்சி" என்கிறான் லூர்து. ஐயோ, அவன் திட்டியிருக்கலாமே!

அவன் அம்மா சனிக்கிழமைதோறும் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். நேற்று நானும் போனேன்.

"நான் செஞ்ச பாவந்தான் கண்ணு, புள்ள கால்ல எறங்கிச்சு. இன்னா பாவம்னுதான் தெரியல" என்றாள்.

முழங்காலிட்டுச் சாமியாரிடம் வெகுநேரம் அழுதாள். எழுந்து வந்து, "போ கண்ணு" என்று என்னைப் பார்த்து விலகி நின்றாள். வரிசையில் அடுத்தவன் நான்தான்.

வெளியே வந்துவிட்டேன்.