ஹேர்பின் முனையளவு

ஈயக்காரிக்குத் தன் ஓரகத்தியின் குரலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அது கெட்ட குரல் இல்லை. நல்ல குரல்தான். பிரச்சினையே அதுதான்.

ஈயக்காரி என்பது தெரு வைத்த பெயர். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள், பதினேழு வயதில் மின்விசிறி ரெகுலேட்டர் செய்யும் கம்பெனியில் ஈயம் வைக்கிற மேசையில் போய் உட்கார்ந்தாள். இருபத்தொரு வருஷம் எழுந்திருக்கவில்லை. கம்பெனியை மூடிய பிறகு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் ஒரு பலகையைப் போட்டு, மிக்சி, டார்ச், ரிமோட் என்று வந்ததையெல்லாம் பிரித்துச் சரிசெய்தாள். ஈயம் அவள் கையில் கடுகு மாதிரி உருண்டு உட்காரும். வாய் மட்டும் காய்ச்சிய சோல்டரிங் அயர்ன்.

ஓரகத்தி, கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்தவள், சின்னவள். கல்லூரியெல்லாம் முடித்தவள். அயர்னில் எந்தப் பக்கம் சுடும் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

இவர்கள் நடுவில் வந்து விழுந்தது ஒரு சிமெண்ட் சாக்கு. உள்ளே இருபத்திரண்டு பழைய வாக்கி-டாக்கிகள். ஒரு கட்டடக் கம்பெனி கழித்துப் போட்டதைப் பொழுதுபோக்கு ரேடியோ கிளப் வாங்கியிருந்தது. கிளப் தலைவர் கப்பலில் வயர்லெஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கப்பல்காரர். சாக்கை அவரே தூக்கிக்கொண்டு வந்து பலகை மேல் கொட்டினார்.

"இதெல்லாம் அந்தக் கம்பெனியோட அலைவரிசையில பேசறதும்மா. அப்படியே எடுத்துப் பேசினா கம்பி எண்ண வேண்டியதுதான். நம்ம மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துக்கு நகத்தணும். பழசு ஒண்ணு விடாம அழிச்சிரணும். முடியுமா?"

"கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். கழட்டாமச் சொன்னா அது பொய்."

கழற்றினாள். பழைய அலைவரிசை பதிந்திருந்த சில்லை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். பிளாஸ்டிக் திருப்புளியால் சுருள்களை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பினாள். சிமெண்ட் தூசி அடைத்துச் செவிடாகிப்போன மைக்குகளைப் பிடுங்கிப் புதிதாக ஒட்டினாள். ஆனால் செய்து முடித்த செட்டில் ஒரு வார்த்தை பேச அவளுக்கு உரிமை இல்லை. காற்றில் பேச லைசென்ஸ் வேண்டும். அதனால் ஆன்டெனா இருக்கிற இடத்தில் ஒரு தடித்த ரெசிஸ்டரை மாட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிப் பார்ப்பாள். பேச்சு வெளியே போகாது. ரெசிஸ்டருக்குள் போய்ச் சூடாகிவிடும். இருபத்திரண்டு செட்டிலும் அவள் பேசியதைக் கேட்டது அது ஒன்றுதான்.

லைசென்ஸ் பரீட்சைக்கு ஓரகத்திகள் இருவரும் ஒரே நாளில்தான் போனார்கள். ஈயக்காரி ஆறாவது கேள்வியை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டார்கள். சின்னவள் பாதி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ரேடியோவில் சின்னவளின் ராஜ்ஜியம்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குக் கிளப்பில் ரேடியோ வழியாகவே ஆஜர் எடுப்பார்கள். ஒருநாள் கப்பல்காரர் வீட்டுக்கே வந்து, ஈயக்காரி பக்கத்தில் நிற்கும்போதே சின்னவளிடம் சொன்னார்:

"மணியடிச்ச மாதிரி இருக்கும்மா உன் குரல். எல்லாரும் அதேதான் சொல்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஆஜரை நீயே எடு. மூணு தடவ கூப்பிடுவேன். வந்து வாங்கிக்க. வரலேன்னா நம்ம கிளப்புல இருக்காரே, அந்த வங்கிக்காரர் எடுத்துக்குவாரு."

மணியாம். அந்த மணியைத் தொங்கவிட்டது யார்? பழைய மைக்கோடு பேசியிருந்தால் சின்னவளின் குரல் டப்பாவுக்குள் மாட்டிய தவளை மாதிரி இருந்திருக்கும். ஈயக்காரிக்கு ராஜ்ஜியமெல்லாம் வேண்டாம். கிளப்பில் இருக்கிற இருபது பேரும் கேட்க, இது ஈயக்காரி செய்த செட்டு என்று யார் வாயிலிருந்தாவது ஒரே ஒரு தடவை வந்தால் போதும். வரவில்லை.

அன்று மத்தியானம் அவள் புருஷன் மூக்கை உறிஞ்சினான். "என்னடி, ஏதோ தீயற வாசன வருது?"

"என் வயிறுதான். போய்ப் படுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பேட்டரி பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சின்னவளின் செட்டை வாங்கினாள். குன்றின் மேல் கிளப்புக்கு ஒரு ரிப்பீட்டர் உண்டு. கீழே இருந்து பேசுவதை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்புவது அதுதான். ஆனால் பேச்சுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு ரீங்காரத்தைச் செட்டு சேர்த்து அனுப்பினால்தான் அது கதவைத் திறக்கும். எந்த ரீங்காரம் என்பதைச் சொல்ல, செட்டுக்குள் எள் அளவில் எட்டு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஈயக்காரி கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். நான்காவது சுவிட்சைத் தள்ளினாள். மூடித் திருகினாள். அவ்வளவுதான் வேலை. இனிச் சின்னவள் காதில் எல்லோரும் விழுவார்கள். அவள் யார் காதிலும் விழமாட்டாள்.

ஞாயிறு காலை சின்னவள் மொட்டை மாடிக்குப் போனாள். ஈயக்காரி படிக்குக் கீழே இரண்டு செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று ரிப்பீட்டர் சொல்வதைக் கேட்க. மற்றது மாடியிலிருந்து நேராக வருவதைக் கேட்க. வேடிக்கை பார்ப்பதென்றால் அரைகுறையாகப் பார்ப்பானேன்?

கப்பல்காரர் கூப்பிட்டார். சின்னவள் பதில் சொன்னாள், மணி மாதிரி. ரிப்பீட்டர் அசையவில்லை.

"ரெண்டாவது தடவ கூப்பிடறேம்மா. இருக்கியா?"

"இருக்கேன் சார்! இங்கதான் இருக்கேன்! கேக்குதா?"

ஈயக்காரிக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. அந்த ஜில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வங்கிக்காரர் குறுக்கே வந்தார்.

"சார், அது செட்டு போயிருக்கும். காயலான்கடைச் சரக்குதானே. எவளோ வீட்டுல இருக்கற பொம்பள ஒட்டுப்போட்டதுன்னு கேள்விப்பட்டேன். எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரலாம்."

எவளோ! ஈயக்காரி எழுந்தே விட்டாள். கப்பல்காரராவது ரெண்டு வார்த்தை கேட்பார் என்று பார்த்தாள். அவர் இழுத்தார்: "அந்தம்மா நல்லா செய்யும்னுதான் நெனச்சேன்... பாப்போம்."

அப்போது இரண்டாவது செட்டில் சின்னவள் கத்தினாள். "யாரைப் பாத்துங்க எவளோன்னு சொல்றீங்க? எங்க அக்கா செஞ்ச செட்டு இது! இருபத்திரண்டும் அவங்க தனியா உக்காந்து செஞ்சது. என் குரல் நல்லாருக்குன்னு சொல்றீங்களே, அது அவங்க வச்ச மைக்கு. அவங்க கை பட்டது கெடாது. நான்தான் எங்கயோ தப்பா அமுக்கறேன்!"

ஊரே கேட்க வேண்டும் என்று அவள் ஏங்கிய பேச்சு அதுதான். முழுசாக, ஒரு சொல் குறையாமல் வந்துவிட்டது. கேட்டது அவள் ஒருத்தி மட்டும். மற்ற இருபது காதுகளையும் ஹேர்பின்னால் அடைத்தவளும் அவளேதான்.

கையிலிருந்த செட்டில் பேசுகிற பொத்தான் இருந்தது. அமுக்கிவிடலாம். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் அமுக்கினால் கப்பல்காரரே நாளைக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். திருப்புளியை எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

"குடுடி அத."

"அக்கா, யாருக்குமே கேக்க மாட்டேங்குது..."

"குடுன்னா."

நாலு திருகு. கொண்டையிலிருந்து பின். நான்காவது சுவிட்ச். சோதித்துப் பார்க்கவில்லை, தேடவில்லை, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மூடி, சின்னவள் கையில் திணித்த பிறகுதான் அது அவளுக்கே உறைத்தது. சின்னவள் பின்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். படித்தவள் ஆயிற்றே, கூட்டிக் கழிக்கத் தெரியாதா?

கப்பல்காரர் மூன்றாவது தடவை கூப்பிட்டார்.

ஈயக்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சொல்லப் போகிறாள். இருபது பேர் கேட்க, எங்க அக்காதான் கெடுத்தாங்க என்று சொல்லப் போகிறாள்.

"வந்துட்டேன் சார். மன்னிச்சுக்குங்க. செட்டுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

"அதானே பாத்தேன்! நல்ல செட்டாச்சே. சரிம்மா, ஆஜரை ஆரம்பி."

மணி அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள், ஒவ்வொருவரும் வந்தார்கள். வங்கிக்காரரும் குழைந்துகொண்டு வந்தார். ஈயக்காரி இறங்கிப் போகாமல் தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே நின்றாள். இப்போது சொல்வாள், இந்த ஆள் முடிந்ததும் சொல்வாள் என்று காத்திருந்தாள். எங்க அக்கா செஞ்ச செட்டு. நாலே வார்த்தை.

சொல்லவில்லை. கடைசி ஆள்வரை எடுத்து, வணக்கம் வைத்து, செட்டை அணைத்தாள். இன்னொரு தடவை சொல்லேண்டி என்று எந்த வாயால் கேட்பது? முதல் தடவை சொன்னது உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்?

இதில் ஈயக்காரிக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது வேறொன்று. காட்டிக்கொடுக்காமல் விட்டாளே, அந்தப் பெரிய மனசு. அதிலும் அவளே முந்திக்கொண்டாள்.

"பரீட்சைப் புத்தகத்த எங்கடி வச்சிருக்க?" என்றாள்.

"பீரோ மேல இருக்குக்கா. எதுக்கு?"

"எதுக்கா? எம்பேர நானே சொல்லிக்கறதுக்குத்தான்."

சின்னவள் செட்டின் பின்பக்கத் திருகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஒன்று சரியாக இறுகவில்லை.

"சரிக்கா," என்றாள். "அதுவரைக்கும் பேட்டரிய நானே பாத்துக்கறேன்."