மரத்தைத் தட்டிய கண்டக்டர்

கண்டக்டர் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து தையல்காரம்மாவுக்கு நிம்மதி போயிற்று. அவள் புருஷன் கெட்டவர் இல்லை. ஆனால் ஆயுசெல்லாம் கூட்டத்தில் இடிபட்டே நின்றவர். நாலு பேரைச் சுற்றி நிறுத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. கூட்டத்துக்கு எங்கே போவது?

அவளுக்கோ அந்த ஒற்றை வீடுதான் சொர்க்கம். தையல் மெஷினைப் பின்பக்க ஜன்னலோரம் போட்டிருந்தாள். பனிக்காலத்தில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். வாலாட்டிக் குருவி வாடகை வசூலிக்க வந்தது போல வரப்பில் மிடுக்காக நடக்கும். மைனாக்கள் பங்காளிச் சண்டை போடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டுப்போன மரத்தின் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை. வெயில் ஏறும்போது இரண்டும் பொந்து வாயில் ஒட்டி உட்கார்ந்து குளிர் காயும். அவள் காலர் தைத்துக்கொண்டே அவற்றோடு பேசுவாள்.

கடைசியில் அந்த ஆந்தைகளைத்தான் கண்டக்டர் பிடித்துக்கொண்டார். டீக்கடையில் அவற்றைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டார். பார்க்கக் கார்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களை வரிசையில் நிறுத்துவதும், முன்னால் போகச் சொல்வதும், வழிவிடச் சொல்வதுமாக மனிதருக்கு இழந்த உத்தியோகம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஒருநாள் ஆந்தைகள் வெளியே தலைகாட்டவில்லை. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பஸ்ஸைக் கிளப்பப் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டுவாரே, அதே கையால் கண்டக்டர் மரத்தை ரெண்டு தட்டு தட்டினார். பெண் ஆந்தை பதறிப்போய்ப் பட்டப்பகலில் வெளியே பாய்ந்தது. காக்கைகள் சூழ்ந்துகொண்டு கொத்தின. வந்தவர்கள் அதையும் படம் பிடித்தார்கள். சாயங்காலம் அது திரும்பியபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். "இன்னொரு தடவை அந்த மரத்து மேல கை வெச்சீங்கன்னா, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போலத்தான். மறுநாளே அவரோடு வேலை பார்த்த டிரைவர் குடும்பத்தோடு வந்து நிற்க, மறுபடியும் தட்டு விழுந்தது. காக்கைகள் மறுபடியும் துரத்தின. அவள் கையில் கத்தரிக்கோலோடு வெளியே வந்த வேகத்தில் டிரைவர் பெண்டாட்டி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

ரெண்டு தட்டுதானே, அதற்குப் போய் மானத்தை வாங்குகிறாயே என்று கண்டக்டர் முணுமுணுத்தார். அந்தத் 'தானே'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த மனிதர் திருந்த மாட்டார், காக்கைகள் ஒருநாள் அந்த ஆந்தையைக் கொன்றே போடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம் இரண்டு ஆந்தைகளும் இரை தேடப் பறந்ததும் ஏணியைச் சாத்தி ஏறினாள். ஒரு மூட்டை வெட்டுத்துணியைப் பொந்துக்குள் திணித்தாள். ஒவ்வொரு கைப்பிடிக்கும் ஒரு வசவு. புருஷனை, கார்க்காரர்களை, இதைச் செய்யும் தன் கையை, எல்லாரையும் திட்டினாள். மூக்கைச் சிந்திக்கொண்டே இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அவை திரும்பின. வீங்கிய கண்ணோடு பெண் ஆந்தை துணியை நகத்தால் பிறாண்டியது. ஒரு துண்டைக்கூட அதனால் இழுக்க முடியவில்லை. கிளையில் போய் உட்கார்ந்து உடம்பைக் குறுக்கிக்கொண்டது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

கண்டக்டர் ஜன்னலருகே வந்து நின்றார்.

"இந்தக் குளிர்ல அதுங்க எங்கம்மா போகும்? நான் ஏறி அந்தத் துணியை எடுத்துடட்டுமா?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "எடுங்க. நாளைக்கு யாரை வரச் சொல்லியிருக்கீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "உன் தம்பியைத்தான். பசங்களோட."

அவள் எழுந்துபோய் ஏணியைத் தூக்கி வந்து உள்ளே போட்டுப் பூட்டினாள்.