நேவியோவின் எழுபது கிலோ

தபால் மூட்டை ஐந்து, நூற்றுப்பத்து கிலோ. பயணிகள் மூவர், இருநூற்றுப் பன்னிரண்டு. அதன் கீழே பெயர் போடாமல் எழுபது என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார் மெக்கானிக் பக்கீசியோ மெரேயு. எங்கள் தீவின் காலியாரியிலிருந்து ரோமுக்குத் தபால் விமானம் கிளம்பும் ஒவ்வொரு காலையும் இதுதான் வழக்கம். மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் தபால்காரன் நான்; தினமும் பார்க்கிறேன்.

மூன்று எஞ்சின், முதுகில் ஒரு மேடு. 'கூனன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். போன வருஷம் சண்டை முடியும்வரை அது குண்டு போட்ட விமானம். அதன் துணித் தோலில் குண்டு துளைத்த இடத்து ஒட்டுகளைத் தடவி, "இது ஸ்பெயின்ல வாங்கினது. இது மால்டா. இந்த வரிசை, டார்பிடோவோட கப்பலத் துரத்தினப்ப" என்பார் பக்கீசியோ. வயிற்றடிப் பெட்டியில் உள்ள ஒட்டுக்கு மட்டும் ஊர் சொல்லமாட்டார்.

அந்தப் பெட்டியில் குப்புறப் படுத்துச் சுட்டவன் நேவியோ தஸ்ஸான். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் விமானம் திரும்பியபோது பெட்டி காலி. கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. கடலில் விழுந்தான் என்று தளத்தில் எழுதிவிட்டார்கள். "எறங்கினத யாரும் பாக்கலியே" என்பது பக்கீசியோவின் கட்சி.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மூட்டையை அந்தப் பக்கம் தள்ளும்போது, "கொஞ்சம் நகருப்பா" என்று வாய் சொல்லிவிடுகிறது. பக்கீசியோ காய்ச்சலில் படுத்த அன்று, எழுபதைச் சேர்க்காமல், அந்த அளவுக்குக் கூடுதல் மூட்டை ஏற்றினார்கள். ஓடுபாதை முடிந்து நாணல் உரசிய பிறகுதான் கூனன் எழும்பியது.

நேற்று கிராசியெத்தா பின்னா என்ற அம்மாள் கைப்பையோடு ஓடிவந்தார். ரோம் ஆஸ்பத்திரியில் மகனுக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை. கப்பல் திங்கட்கிழமைதான். "அவன் கண்ணு முழிக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணுங்கய்யா" என்றார்.

புது விமானி வல்லி தாளைப் பார்த்தார். "எடை ரொம்பிடுச்சு. இந்த எழுபது யாரு?"

"நேவியோ, சார்."

"நாப்பத்திரண்டுல கடல்ல விழுந்தவனா? செத்தவனுக்கு எதுக்குய்யா எடம்? அடிச்சுட்டு இவங்கள ஏத்து."

"தாள்ல அடிச்சா போதாது சார். அவன் உள்ள இருக்க இவங்களையும் ஏத்தினா, எல்லாரும் கடல்லதான்."

விமானி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கீசியோ தொப்பியைக் கழற்றிவிட்டு விமானத்தின் அடிக்குப் போனார். வயிற்றடிக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு, பழைய எண்ணெய் நெடி.

"விமானம் தரைக்கு வந்து நாலு வருசமாச்சு, நேவியோ. ஒரு தாய்க்கு எடம் வேணும். எறங்குடா."

இரண்டு கைகளையும் மேலே ஏந்தினார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய கைகள் சட்டென்று தாழ்ந்தன, முழங்கால் மடங்கியது. எதையோ பத்திரமாகத் தரையில் நிறுத்துவதுபோல, மெல்லக் குனிந்தார்.